விழத் தெரியாமல் வீசப் போன கதை

என் இடது காறை எலும்பின் நடுவில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. சட்டை போட்டால் வெளியே தெரியாது. ஆனால் ஜூடோ பயிற்சியில் எதிரே நிற்பவர் வலது கையால் என் காலரைப் பிடித்தால், அவருடைய முஷ்டி சரியாக அந்தப் புடைப்பின் மேல்தான் வந்து உட்காரும். வாரத்துக்கு மூன்று நாள் அது எனக்குப் பழைய கதையை ஞாபகப்படுத்திவிடும். ஜூடோவில் சேர்ந்தபோது எனக்கு விவரம் சொல்ல ஆள் இல்லை. தெரிந்தவர்களில் ஒருவர்கூட ஜூடோ பழகியவர் கிடையாது. ஆறு வாரத்தில் எலும்பு முறிந்து, நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து, கட்டிய கட்டணத்தில் பாதியை இழந்து, ஒன்றுக்கு இரண்டாக உடை வாங்கி, அதன் பிறகுதான் ஒரு புதியவர் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்தது. இப்போது சேர நினைப்பவர்களுக்கு இது பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது எனக்கு வயது முப்பத்து நான்கு. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. உடம்பு கனத்துக்கொண்டே போனது. ஓடப் பிடிக்காது, பளு தூக்கப் போனால் பத்து நாளில் சலித்துவிடும். ஒரு நாள் இரவு ஒலிம்பிக் ஜூடோ வீடியோக்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் திரும்புகிறார், மற்றவர் காற்றில் அரை வட்டம் போட்டு முதுகு முழுக்கத் தரையில் படுகிறார், நடுவர் கையை நேராக மேலே தூக்கி இப்போன் என்கிறார், ஆட்டம் முடிந்தது. எல்லாம் ஒரு நொடி. மூன்று மாதம் போனால் நாமும் இப்படி ஒரு வீச்சாவது கற்றுக்கொள்ள மாட்டோமா என்று தோன்றியது. அந்த வீடியோக்களில் நான் பார்த்ததெல்லாம் வீசியவரை. வீசப்பட்டவர் எப்படி எழுந்து, ஒன்றும் ஆகாதவர்போல உடையைச் சரிசெய்துகொண்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாளே ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய், மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை என்றதும் கட்டிவிட்டேன். இது முதல் தவறு. எந்த இடமாக இருந்தாலும் முதலில் ஓரமாக உட்கார்ந்து இரண்டு வகுப்பு பாருங்கள். நல்ல பயிற்சியாளர் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். பார்க்கும்போது வெற்றிக் கோப்பைகளை எண்ண வேண்டாம். வெள்ளை பெல்ட் கட்டியவர்கள் எங்கே நிற்கிறார்கள், யாருடன் நிற்கிறார்கள் என்று பாருங்கள். புதியவரைத் தனியாக ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் விழச் சொல்லிக்கொடுக்கிறாரா? புதியவரோடு புதியவரையே மோத விடுகிறாரா? தரையில் விரித்த மேட்டுகளுக்கு, அதாவது மெத்தை விரிப்புகளுக்கு, நடுவே இடைவெளி விழுந்திருந்தால் யாராவது போய் ஒட்டித் தள்ளிவைக்கிறார்களா? கால் விரல் அந்த இடைவெளியில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. யாராவது அடிபட்டு ஓரமாக உட்கார்ந்தால் பயிற்சியாளர் போய்ப் பார்க்கிறாரா, அல்லது இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கிறாரா? இரண்டு வகுப்பில் இவ்வளவும் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். சலுகை எங்கும் ஓடிப்போகாது.

இரண்டாவது செலவு உடை. வெள்ளையாக, காலரோடு, பெல்ட் கட்டுவதாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, பழைய சாமான் விற்ற ஒருவரிடம் கராத்தே உடை ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். முதல் வாரமே ஒருவர் காலரைப் பிடித்து இழுத்ததும் அக்குளில் தொடங்கி இடுப்பு வரை கிழிந்தது. கராத்தேயில் உடையை யாரும் பிடித்து இழுப்பதில்லை, துணி மெல்லியது. ஜூடோ உடை வேறு. ஜூடோகி என்பார்கள். மேல்சட்டை அரிசிமணி போலப் புள்ளி புள்ளியாக நெய்த தடித்த பருத்தி, காலர் பல அடுக்காகத் தைத்தது, தோளிலும் முழங்காலிலும் கூடுதல் துணி. அதைப் பிடித்துத்தான் ஆட்டமே நடக்கிறது. சரி, இரண்டாவதாக நல்ல ஜூடோகியே வாங்கினேன், கண்ணாடி முன் கச்சிதமாக இருந்தது. வெந்நீரில் துவைத்தேன். கை மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கைக்கு ஏறிவிட்டது. ஏற்கெனவே துவைத்துச் சுருக்கி விற்பதா என்று கேட்டு, இல்லையென்றால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் காய வையுங்கள். புதியவருக்கு ஒற்றை நெசவு போதும், இரட்டை நெசவு எடை அதிகம், காயவும் நாளாகும். இடப்பக்கம் மேலே வருமாறு மடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள், முதல் நாள் கூச்சம் கொஞ்சம் குறையும்.

முதல் வகுப்பில் யாரையாவது வீசப்போகிறோம் என்று போனவனைப் படுக்கச் சொன்னார்கள். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்கி, பெல்ட் முடிச்சைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் மேட்டை அடிக்க வேண்டும். இதற்குப் பெயர் உகேமி. நாற்பது தடவை. அப்புறம் குந்தி உட்கார்ந்து பின்னால் உருண்டு அடிக்க வேண்டும். அப்புறம் நின்று. அப்புறம் இடம், வலம். அப்புறம் தோள்மேல் உருண்டு முன்னால். மறுநாள் காலை கழுத்தைத் தலையணையிலிருந்து தூக்க முடியவில்லை, கையால் தலையைப் பிடித்துத் தூக்கி எழுந்தேன். கழுத்தின் முன்பக்கத் தசை என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. இது எல்லாருக்கும் வரும், இரண்டு வாரத்தில் போய்விடும்.

வலியைவிட எனக்குப் பொறுக்க முடியாமல் போனது சலிப்பு. காசு கொடுத்து வந்து தரையை அடித்துக்கொண்டிருக்கிறோமே என்று இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து வேண்டுமென்றே இருபது நிமிடம் தாமதமாகப் போகத் தொடங்கினேன். அதற்குள் உகேமி முடிந்திருக்கும், நேராகப் பிடிப்புப் பயிற்சியில் சேர்ந்துகொள்ளலாம். பயிற்சியாளரும் கேட்கவில்லை. நான் கெட்டிக்காரத்தனமாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஏன் விழுவதிலிருந்து தொடங்குகிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் விளங்கியது. ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கியது 1882இல், டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த ஓர் அறையில். அவர் ஏற்கெனவே ஜுஜுட்சு என்ற பழைய தற்காப்புக் கலையின் மரபுகளைக் கற்றவர். அவற்றில் ஆபத்தான உத்திகள் நிறைய. அவற்றை முழு வேகத்தில் பழக முடியாது, பழகினால் கூட்டாளி மிஞ்ச மாட்டார். கானோ அத்தகையவற்றை விலக்கிவிட்டு, இரண்டு பேரும் முழு பலத்தோடு மோதிப் பார்க்கக்கூடியவற்றை முன்னுக்குக் கொண்டுவந்தார். அந்த மோதல் பயிற்சிதான் ரண்டோரி. ஜூடோவின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் முழு பலத்தோடு வீசலாம் என்றால் வீசப்படுகிறவர் முழுதாக எழுந்திருக்க வேண்டும். உகேமி இல்லையென்றால் ரண்டோரி இல்லை, ரண்டோரி இல்லையென்றால் ஜூடோ வெறும் நடனம். இதை முதல் நாளே யாராவது இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் நான் தாமதமாகப் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். போயிருக்கவும் கூடும், அப்போதைய அவசரம் அப்படி.

ஆறாவது வாரம், ஒரு மாலை. வகுப்பு முடிய பத்து நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் எல்லாரையும் ஜோடி சேர்ந்து ரண்டோரி செய்யச் சொன்னார். எனக்கு வாய்த்தவர் எனக்கு இரண்டு வாரம் முன்னால் சேர்ந்தவர், என்னைவிடப் பதினைந்து கிலோவாவது கூட. இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. கையைக் கம்பிபோல விறைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு மாடு முட்டிக்கொள்வதுபோலத் தள்ளிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் திரும்பி இடுப்பை உள்ளே விட்டார், ஓ கோஷி என்ற இடுப்பு வீச்சு மாதிரி ஏதோ ஒன்று. என் கால் தரையை விட்டது. இந்த இடத்தில் நடந்தவை அடுத்தடுத்து மூன்று. முதலாவது, பாதி வழியில் அவர் பிடித்திருந்த என் வலது சட்டைக் கையை விட்டுவிட்டார். இரண்டாவது, தரை கிட்டே வருவதைப் பார்த்ததும் நான் இடது கையை ஊன்றினேன். மூன்றாவது, அவரும் நிலை தடுமாறி என் மேலேயே விழுந்தார். காய்ந்த சுள்ளி ஒன்று ஈரத்துணிக்குள் ஒடிவதுபோல ஒரு சத்தம். வலி உடனே வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காலரைச் சரிசெய்யக் கையைத் தூக்கியபோதுதான் கை வரவில்லை.

எக்ஸ்ரேயில் காறை எலும்பு இரண்டு துண்டு. அறுவை வேண்டியதில்லை, ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக் கட்டிவைக்க வேண்டும் என்றார்கள். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரிகிறது. படுத்துத் தூங்க முடியாது, நாற்காலியில் சாய்ந்துதான் தூங்கினேன். ஒற்றைக் கையால் தட்டச்சு. சட்டை போட ஆள் வேண்டும். தும்மல் வந்தால் பயம். அலுவலகத்தில் கேட்பவர்களிடம் “ஜூடோ” என்று சொல்ல வெட்கமாக இருந்தது, படியில் விழுந்தேன் என்றேன். முதல் இரண்டு வாரம் பயிற்சியாளர் மேல் கொதித்தேன், அந்த ஜோடி மேல் கொதித்தேன். மீதிக் கட்டணத்தைக் கேட்டதற்கு, கட்டியது திரும்பாது என்று பதில் வந்தது. ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் அது இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. சேர்வதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அடிபட்டு வர முடியாமல் போனால் கட்டணம் என்ன ஆகும், பயிற்சியில் படும் காயத்துக்குக் காப்பீடு இருக்கிறதா. உங்களுக்கென்று மருத்துவக் காப்பீடு இருந்தால் மோதல் விளையாட்டை அது விலக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொதிப்பு அடங்கியதும் இன்னொன்று புரிந்தது. இடது கையை ஊன்றாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருப்பேன். வலது கைக்காரர் வீசும்போது அவர் பிடியில் இருப்பது நம் வலது சட்டைக் கை. இடது கை சும்மா இருக்கும். அந்த இடது கைதான் மேட்டை அடிக்க வேண்டிய கை. உடம்புக்கு இருபக்கமும் நாற்பத்தைந்து பாகையைவிடக் கொஞ்சம் குறைவாகக் கையை விரித்து, உள்ளங்கையும் முன்கையும் ஒரே நேரத்தில் படும்படி, உடம்பு தொடுகிற அதே நொடியில் அடிக்க வேண்டும். முழங்கை மட்டும் பட்டால் தோளுக்கு ஏறும், கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டுக்கோ முழங்கைக்கோ காறை எலும்புக்கோ போகும். விழும்போது கையை ஊன்றுவது பிறவிப் பழக்கம். அதை மாற்ற நூறு தடவை போதாது, ஆயிரம் தடவை வேண்டும். அந்த ஆயிரத்தில் சில நூறைத்தான் நான் இருபது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேமித்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், என்னுடையதைவிடப் பெரிய விஷயம். பெல்ட் முடிச்சைப் பார் என்று சொல்வது தலைக்காக. பின்பக்கம் விழும்போது தாடை மேலே போனால் பின்னந்தலை மேட்டில் மோதும். ஓசோட்டோ காரி என்ற வீச்சு பலரும் ஆரம்பத்தில் கற்பது, எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரி நேராகப் பின்புறம் சாய்ப்பது. ஜப்பானில் ஜூடோவில் தலைக்காயம் பட்டவர்களை ஆராய்ந்தபோது பலரும் அனுபவம் குறைந்த இளம் வயதினர் என்றும், அதிகம் அடிபட்டது இந்த வீச்சில்தான் என்றும் தெரியவந்தது. தலையில் அடிபட்டு மயக்கமோ தலைவலியோ குமட்டலோ இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அது முழுதாகச் சரியாகும் முன் இன்னோர் அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். “தாங்கிக்கிட்டேன்” என்று பெருமை பேசுகிற இடம் இது கிடையாது. பின்னால் விழுவது கைவரும் வரை ஓசோட்டோ காரிக்கு என்னைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நான்கு மாதம் கழித்து, மருத்துவர் சரி என்றதும், வேறொரு இடத்துக்குப் போனேன். ஏன் திரும்பப் போனேன் என்று வீட்டில் இன்றும் கேட்கிறார்கள். கட்டணம் போன கோபம் பாதி, தோற்றுவிட்டோம் என்ற உறுத்தல் பாதி. இந்த முறை ஓரமாக உட்கார்ந்து இரண்டு வகுப்பு பார்த்தேன். அங்கே மாஸ்டர் எதையும் கேட்கும் முன் சொன்னது, “முதல்ல விழுந்து காட்டுங்க.” விழுந்தேன். இடது கை தானாக ஊன்றப் போனதை அவர் பார்த்துவிட்டார். “இந்தக் கை உங்க பேச்சக் கேக்க ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் உங்களுக்கு ரண்டோரி கிடையாது” என்றார். கணக்காக ஒன்பது வாரம் ஆனது. தடித்த பஞ்சு மேட்டின் மேல் முதலில், முழங்காலிட்டவர் வீசி, பிறகு நின்று மெதுவாக, பிறகு வேகமாக. வீசுகிறவர் ஒவ்வொரு முறையும் என் சட்டைக் கையை விடாமல் கடைசி நொடியில் மேலே இழுத்துப் பிடித்தார். அந்தச் சின்ன இழுப்பில் விழுகிற வேகமே குறைந்துவிடும், தலையும் தோளும் தப்பும். வீசுகிறவரின் வேலையில் அது பாதி என்று அங்கேதான் கற்றேன். கானோ ஜூடோவுக்கு வைத்த இரண்டு கொள்கைகளில் ஒன்று, தானும் பிறரும் சேர்ந்து நன்மை அடைவது. தத்துவமாகக் கேட்டால் சுவரில் மாட்டிவைக்கிற வாசகம் மாதிரி இருக்கும். எனக்கு அது ஒரு சட்டைக் கை.

இனி, முதல் ஆறேழு மாதத்தில் விழுவதைத் தவிர என்ன கற்றுக்கொள்வோம் என்பதற்கு வருகிறேன். நிற்பதும் நடப்பதும்கூடப் புதிதாகக் கற்க வேண்டியதுதான். கால் பின்னிக்கொள்ளாமல், பாதம் தரையை உரசியபடி நகர வேண்டும், காலைத் தூக்கி வைத்தால் அந்த நேரத்தில் வாரிவிடுவார்கள். பிடிப்பு வலது கை காலரில், இடது கை சட்டைக் கையில். எல்லா விரலாலும் இறுக்கினால் இரண்டே நிமிடத்தில் முன்கை மரத்துப்போகும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலும் பிடிக்க, மற்ற இரண்டும் தளர்ந்திருக்க வேண்டும். அப்புறம் குசுஷி, அதாவது நிலை குலைப்பது. எனக்கு மூன்று மாதம் வரை அது வெறும் சொல். இழுக்கச் சொன்னால் இழுத்தேன், எதிரே நிற்பவர் அசையவில்லை, இன்னும் பலமாக இழுத்தேன். ஒரு நாள் மாஸ்டர் என் இடது கையைப் பிடித்து, “கடிகாரம் பாக்குற மாதிரி கையத் திருப்புங்க, இழுக்காதீங்க” என்றார். திருப்பினேன். முழங்கை தானாக மேலே போனது, எதிரே நின்ற பையனின் குதிகால் தரையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பியது. எண்பது கிலோ ஆள், முன்விரல்களில் நின்றுகொண்டிருந்தான். அவனை வீசக்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு விரல்கடைதான் எனக்கு ஜூடோவில் கிடைத்த முதல் சந்தோஷம்.

வீச்சுகள் எத்தனை கற்போம் என்று எல்லாரும் கேட்பார்கள். கானோ தொடங்கிய ஜூடோ பள்ளியான கோடோகான் 1920இல் ஒழுங்குபடுத்திய பட்டியலில் நாற்பது வீச்சுகள் இருக்கின்றன, பின்னால் அங்கீகரித்தவற்றையும் சேர்த்தால் அறுபதுக்கும் மேல். முதல் வருடத்தில் நான் பேர் சொல்லும்படி கற்றது நான்கு, ரண்டோரியில் எப்போதாவது பலித்தது ஒன்று, தாய் ஓட்டோஷி. வீடியோ பார்த்து வாரத்துக்கு ஒரு வீச்சு பழகுவதால் ஒன்றும் நடக்காது. ஒரே வீச்சின் நுழைவை மட்டும், வீசாமல், திரும்பத் திரும்பச் செய்கிற உச்சிகோமிதான் பெரும்பாலான நேரத்தை எடுக்கும். பழைய வீடியோக்களில் எதிராளியின் காலைக் கையால் பிடித்து வீழ்த்துவதைப் பார்த்துப் பழகாதீர்கள். சர்வதேசப் போட்டியில் அது 2010இல் கட்டுப்படுத்தப்பட்டு 2013இல் முற்றிலும் தடையானது.

தரை ஆட்டத்தை யாரும் எதிர்பார்த்து வருவதில்லை, ஆனால் புதியவருக்கு அதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் ஏற்கெனவே கீழேதான் இருக்கிறோம். நான் முதலில் மாட்டியது கேசா கட்டாமே என்ற தரைப் பிடியில். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, என்னில் பாதி எடை, என் தலையையும் கையையும் கட்டிக்கொண்டு மார்பின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். போட்டியில் இருபது நொடி இப்படிப் பிடித்தால் வெற்றி. எனக்கு ஐந்தாவது நொடியில் மூச்சு முட்டியது. முழு பலத்தையும் போட்டு உதறினேன், ஒன்றும் நடக்கவில்லை, கண் இருட்டியது. “அண்ணா, மூச்ச விடுங்க. மொதல்ல மூச்ச விடுங்க” என்றாள் மேலிருந்தபடியே. மூச்சை வெளியே விட்ட பிறகுதான் உள்ளே இழுக்க இடமே கிடைத்தது. அன்று கற்றது பிடியிலிருந்து தப்புவதை இல்லை, பயத்தில் மூச்சை அடக்குகிறேன் என்பதை. கழுத்து நெரிப்பும் முழங்கைப் பூட்டும் கொஞ்சம் பின்னால் வரும், பூட்டு போடுவது முழங்கையில் மட்டும்தான், வேறு மூட்டுகளுக்கு அனுமதி இல்லை. இரண்டிலும் தட்டத் தெரிய வேண்டும். எதிராளியின் உடம்பிலோ மேட்டிலோ இரண்டு மூன்று முறை பலமாகத் தட்டுங்கள், கை மாட்டியிருந்தால் காலால் தட்டுங்கள் அல்லது வாயால் சொல்லுங்கள். வலிக்கும் முன்பே தட்டுங்கள். வலித்த பிறகு தட்டினால் முழங்கை ஒரு மாதத்துக்கு அதை மறக்காது.

ரண்டோரியில் தோற்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது வாரம் காத்திருந்து நான் செய்த முதல் ரண்டோரி நான்கு நிமிடம், ஒரு கறுப்பு பெல்ட்டோடு. பதினோரு முறை விழுந்தேன். எண்ணியது அவரில்லை, நான்தான். ஆனால் பதினோரு முறையும் இடது கை மேட்டைத்தான் அடித்தது, ஊன்றவில்லை. இதிலிருந்து ஒரு விஷயம்: உங்களுக்கு ஜோடி தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் மூத்தவரிடம் போங்கள். அவர் உங்களை அழகாக, பத்திரமாக வீசுவார், சட்டைக் கையை விட மாட்டார். உங்களைப் போலவே நேற்று வந்தவரும், ஜெயித்தே ஆக வேண்டும் என்று வருபவரும்தான் ஆபத்து. உடம்பு சரியில்லை என்றால், ஜோடி பொருந்தவில்லை என்றால், மரியாதையாக வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காக முகம் சுளிக்கிற கூடம் உங்களுக்கானது இல்லை. இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்குவதைப் பார்த்து மிரள வேண்டாம், பலவீனம் காரணமில்லை, விறைப்புதான். கையை நீட்டி விறைத்துக்கொள்வதால் எதிராளி நுழைய முடியாது என்று தோன்றும், நம்மாலும் நுழைய முடியாது, களைத்துப்போவது மட்டும் நிச்சயம்.

சில்லறை விஷயங்கள் சில, ஒவ்வொன்றும் எனக்கு ஏதோ ஒரு விலை வைத்தது. கை நகம், கால் நகம் இரண்டையும் ஒட்ட வெட்டுங்கள், என் கால் நகம் ஒருவரின் கெண்டைக்காலைக் கீறி அவர் இரண்டு வாரம் வரவில்லை. உடையை ஒவ்வொரு வகுப்புக்கும் துவையுங்கள், வீடு வந்ததும் குளியுங்கள். படர்தாமரை மேட்டில் எளிதாகப் பரவும், தோலில் வட்டமாகச் சிவப்பு தெரிந்தால் மருந்து போட்டுச் சரியாகும் வரை போகக் கூடாது. மேட்டை விட்டு இறங்கினால் செருப்பு, மேட்டில் ஏறினால் வெறுங்கால். விரல் மூட்டுகள் வீங்கும், அதற்கென்று இருக்கும் ஒட்டுப்பட்டையைச் சுற்றிக்கொள்ளலாம். மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பெல்ட் நிறத்தைப் பற்றி முதல் வருடம் நினைக்கவே வேண்டாம், நடுவில் இருக்கிற வண்ணங்களில் பெரும்பாலானவை பின்னால் ஐரோப்பாவில் சேர்த்தவை. நான் இப்போது கட்டியிருப்பது ஆரஞ்சு, சேர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

போன மாதம் ஒரு புதியவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், கண்ணாடியைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். மூன்று வாரம் விழுந்தார், நேரத்துக்கு வந்தே விழுந்தார். அன்று மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அவருடைய முதல் ஓ கோஷிக்கு விழச் சொன்னார். அவர் பிடித்தார், திரும்பினார், இடுப்பு கொஞ்சம் மேலேயே இருந்தது, இருந்தும் என் கால் எப்படியோ தரையை விட்டது. நடுவில் அவர் பயந்துபோய் என் வலது சட்டைக் கையை விட்டுவிட்டார். நான் கோணலாக விழுந்தேன், இடது கை டப்பென்று மேட்டில் அடித்தது, மாஸ்டர் சிரித்தார். “சார், அடி பட்டுடுச்சா?” என்று அவர் பதறினார். எழுந்து உட்கார்ந்து காலரைச் சரிசெய்துகொண்டேன், இரண்டு கையும் மேலே வந்தது. அவருடைய இடது கையை எடுத்து என் சட்டைக் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, “இத மட்டும் விடாதீங்க” என்றேன். அடுத்த தடவை அவர் விடவில்லை.